காவக்காரப் பெட்டி

வழக்கமாக அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும். "சின்னத் தடங்கல்ங்க. எங்கேயும் போயிடாதீங்க. நான் இங்கேதான் இருக்கேன்." அண்ணன் பேசிப் பதிந்து வைத்தது அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், 'இருக்கேன்' என்றதற்குப் பிறகு, இன்னும் ஏதோ சொல்ல இருப்பவர் மாதிரி ஹெட்போனுக்குள் ஒருவர் மூச்சை இழுத்தார்.

பாப்பா ஹெட்போனைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது? மறுபடி மாட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தபோது நாற்காலி கிரீச்சிட்டது. உடனே மைக்குக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்து, எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த பாட்டைப் போட்டாள்.

வானொலிக்காரர்களுக்கு மௌனம் போல ஆகாதது வேறு எதுவும் இல்லை. பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் கொஞ்ச நேரம் போனால், கேட்கிறவர் 'சரி, இதுவும் படுத்துவிட்டது' என்று வேறு பக்கம் திருப்பிவிடுவார். அதற்காகவே ஊர் எலக்ட்ரீசியன் ஒரு கறுப்புப் பெட்டி செய்து கொடுத்திருந்தார். சத்தம் நின்றுபோனால் சிவப்பு விளக்கு எரியும், அண்ணனின் பதிந்த குரல் தானாக ஒலிபரப்பாகும். மைக்கில் சின்னதாக ஒரு சத்தம் விழுந்தாலும் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். அண்ணன் அதற்குக் காவக்காரன் என்று பெயர் வைத்திருந்தார். "நான் தூங்கினாலும் இவன் தூங்கமாட்டான்" என்று எல்லோரிடமும் பெருமையடிப்பார்.

கடைசியில் அதுவே நடந்தது. நாலு மாதத்துக்கு முன் இரண்டு பாட்டுக்கு நடுவில், இதே நாற்காலியில், அண்ணன் தலை சாய்ந்துவிட்டார். காவக்காரன் தன் வேலையைச் செய்தான். முன்கடைத் தையல்காரர் கதவைத் திறந்து பார்க்கும்வரை, செத்துப்போன மனிதர் ஊர் முழுக்க "நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாப்பா அப்போது வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். 'இன்னிக்கு ரொம்பத்தான் விளையாடுறார்' என்று நினைத்துச் சிரிக்கவும் செய்தாள்.

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மருந்துக்கடையில் வேலை. ஆனாலும் அண்ணன் கூப்பிட்ட பெயரே நிலைத்து, ஊருக்கே பாப்பாவாகிவிட்டாள். அண்ணன் போனபின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை அவள்தான் நடத்துகிறாள். விளம்பரம் கிடையாது, முதலாளி கிடையாது. எந்த நிலையமும் சீந்தாத பாட்டுக்காரர்களின் பாட்டாகப் பொறுக்கிப் போடுவார்கள். அதைக் கேட்கிற மக்கள் தோள் கொடுத்ததால்தான் இத்தனை வருஷம் ஓடியது. கடையின் பின்னறையைத் தையல்காரர் விட்டுக்கொடுத்தார். வெளிச் சத்தம் வராமலிருக்க, வெட்டி மிஞ்சிய துணிகளையெல்லாம் மெத்தையாகத் தைத்துச் சுவர் முழுக்க அடித்தவரும் அவர்தான். மின்சாரச் செலவு பேக்கரிக்காரம்மாவுடையது. பழுது பார்ப்பது எலக்ட்ரீசியன். நிகழ்ச்சி முடியும்போது இவர்களை ஒவ்வொருவராகக் கிண்டல் செய்து நன்றி சொல்வது அண்ணனின் வழக்கம். அந்தக் கிண்டல் மட்டும் பாப்பாவுக்கு வரவே இல்லை.

ஜன்னல் இல்லாத அறை. நடுமதியத்திலும் உள்ளே இருட்டுதான். கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது, அது வழியாகத் தையல்காரரின் முதுகு தெரியும். அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் நிகழ்ச்சி தொடங்கியதும் அவர் வெளியே தாழ் போட்டுவிடுவார். முடிவு இசை ரேடியோவில் வந்ததும் எழுந்து வந்து திறப்பார்.

அடுத்த ஞாயிறு அவள் வேண்டுமென்றே ஒரு பாட்டை முடியவிட்டு, அடுத்ததைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு எரிந்தது. அண்ணன் வந்தார். தடங்கல், எங்கேயும் போயிடாதீங்க, இங்கேதான் இருக்கேன். அப்புறம் அந்த மூச்சு. அதற்குப் பின் மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிடுகிற மாதிரி, "பாப்பா..." என்றார்.

அவளிடமிருந்து ஒரு கேவல் வெடித்தது. அந்தச் சத்தம் மைக்கில் விழுந்து பெட்டி அணைந்தது. தன் அழுகையையே அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

அதற்கடுத்த வாரம் முன்கூட்டியே எல்லாம் செய்தாள். வளையலைக் கழற்றினாள், மின்விசிறியை நிறுத்தினாள், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை உருவினாள், கிரீச்சிடும் நாற்காலிக்கு அடியில் துணி மடித்து வைத்தாள். இந்தத் தடவை "பாப்பா, நீ..." என்பது வரைக்கும் வந்தது. அவள் எச்சில் விழுங்கினாள். அதோடு போய்விட்டது. அன்றைக்கு இன்னும் பல தடவை முயன்றாள். ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சு அவரை வெட்டியது. உயிரோடு இருப்பதே இத்தனை சத்தமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரிந்ததில்லை.

மறுநாள் பேக்கரிக்காரம்மா மருந்துக்கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, பாட்டு கேக்கத்தானே ரேடியோ வைக்கிறோம்? நேத்து பாதி நேரம் சத்தமே இல்ல. நடுநடுவுல உங்கண்ணன் வேற. எம்பொண்ணு பயந்து கடைக்கு வெளியிலேயே நின்னுட்டா."

"அண்ணன் வேற எதுவும் சொன்னாராக்கா? எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி?"

பேக்கரிக்காரம்மா குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "எப்பவும் சொல்றதைத்தான் சொன்னார். நீ ஒழுங்கா சாப்பிடுறியாம்மா?"

அன்று சாயங்காலம் தையல்காரர் விஷயத்தைச் சொன்னார். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை உருவிச் சுருட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதே பாப்பா. நாங்க எல்லாரும் கூடிப் பேசிட்டோம். வர்ற ஞாயிறு நிகழ்ச்சி முடிஞ்சதும் எலக்ட்ரீசியன் வந்து அந்தக் குரலை எடுத்துடுவாரு. உன் குரல்ல ரெண்டு வார்த்தை பேசி வச்சிடு."

"வேணாம் மாஸ்டர். அவர்ல மிச்சம் அது ஒண்ணுதான்."

"நிகழ்ச்சி மிச்சம் இருக்கேம்மா. ஆளுங்க விலக ஆரம்பிச்சுட்டாங்க. அதையும் தொலைச்சுட்டு நாளைக்கு அவருக்கு என்ன பதில் சொல்லுவோம்?"

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. அதற்குள் அண்ணன் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்டாக வேண்டும், ஒரு வாக்கியமாவது முழுசாகக் கேட்டாக வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வாரம் முழுக்க மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தபடி மூச்சை அடக்கிப் பழகினாள்.

அந்த ஞாயிறும் வந்தது. அவள் உள்ளே போனதும் தையல்காரர் தாழ் போட்டார். செல்போனை வழக்கம்போல் அவர் மேஜையில் விட்டிருந்தாள். நல்ல வேளையாக அவர் இன்று தையல் மிஷினில் உட்காராமல், கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அறையில் பழைய துணியின் புழுக்கமும், மெத்தைகளில் ஊறிய எண்ணெய் வாடையும், அண்ணன் தொண்டைக்காக எப்போதும் வாயில் அடக்கிக்கொண்டிருந்த மிட்டாயின் கற்பூர வாசனையும் இருந்தன. இத்தனை மாதங்களில் போயிருக்க வேண்டிய அந்த வாசனை இன்று யாரோ இப்போதுதான் வாயைத் திறந்த மாதிரி சூடாக அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து போனது. மூன்று பாட்டுப் போட்டாள். நான்காவதை மெல்லமாகக் குறைத்து, இல்லாமல் ஆக்கினாள்.

மூச்சை வாய் வழியாக, நூல் இழுப்பதுபோல இழுத்து நிறுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் நிறுத்திவிட்ட மின்விசிறியின் கடைசி டிக் சத்தம் ஓய்ந்தது. தெருவில் போன வண்டி ஓய்ந்தது. ஹெட்போனின் மெல்லிய இரைச்சல் ஓய்ந்தது. பிறகு, காதுக்குள் எப்போதும் ஒலிக்கிற, யாரும் கவனிக்காத அந்த ரீங்காரமும் நின்றது.

அது நிற்காது. யாருக்கும் நின்றதில்லை.

"பாப்பா, நீ பேசு" என்றார் அண்ணன். குரல் பதறியது. "எதையாவது பேசிடு, இப்பவே. அன்னிக்கு எனக்கும் இப்படித்தான், அம்மா கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சு. முழுசாக் கேக்கணும்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தேன். கேட்டு முடிச்சா அப்புறம் விடாது பாப்பா. நீ மூச்சு விட்டு விட்டு என்னை வெட்டுனியே, அதுதான் நல்லது. அழு. மேஜையைத் தட்டு. சத்தம் போடு..."

அவர் சொல்லி முடிக்க வேண்டுமானால் அவள் அமைதியாக இருக்க வேண்டியிருந்தது. அவர் சொல்லி முடித்துவிட்டார்.

"அண்ணே" என்றாள்.

உதடு அசைந்தது. நாக்கு மேலே போய்த் தொட்டது. சத்தம் வரவில்லை.

விளக்கு எரிந்தபடியே இருந்தது. அவள் மேஜையில் ஓங்கி அறைந்தாள். உள்ளங்கை வலித்தது. சத்தம் இல்லை. நாற்காலியைத் தள்ளினாள். விழுந்தது. சத்தம் இல்லை. பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். விளக்கு அணையவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அடித்துக்கொண்டிருந்தது. நன்றாக, வேகமாக. அதுவும் கேட்கவில்லை.

அப்போது ஹெட்போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மன்னிச்சுக்கங்க. தொண்டையில ஒரு கிச்சுக்கிச்சு" என்றது அவள் குரல்.

அவள் வாய் மூடியிருந்தது.

"ரொம்ப நாளா உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன். இன்னிலேருந்து பாருங்க, பழையபடி கலகலன்னு இருக்கும்." ஒரு பாட்டு வந்தது. முடிந்ததும் கொஞ்சமும் இடைவெளி விடாமல் அந்தக் குரல் பேசியது. பேக்கரிக்காரம்மாவுக்கு நன்றி சொன்னது, பன்னைவிட அவர் மனசு மெத்து என்றது. எலக்ட்ரீசியன் வீட்டில்தான் எந்த விளக்கும் எரியாது என்றது. பாப்பாவுக்கு ஒருநாளும் வராத கிண்டல், அண்ணன் செய்வது மாதிரியே, அவ்வளவு சரளமாக.

அவள் கதவுக்கு ஓடினாள். ஹெட்போனின் நீண்ட ஒயர் பின்னாலேயே வந்தது. கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். மாஸ்டர். மாஸ்டர். அந்தப் பக்கம் தையல்காரர் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல்லில் நூலைக் கடித்தபடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முதுகு தளர்ந்து, நிம்மதியாக இருந்தது.

"நம்ம தையல்கார மாஸ்டர் துணி எப்பத் தருவார்னு யாருக்காவது தெரியுமா?" என்றது குரல். "அதே மாதிரிதான். இன்னிக்கு நிகழ்ச்சி எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது."

தையல்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பிக் கதவைப் பார்த்தார். இருட்டறையின் அழுக்கடைந்த சின்னக் கண்ணாடியில் பாப்பாவின் முகம், முழுசாகத் திறந்த வாய், கண்ணில் தண்ணீர். ரேடியோவில் அவள் குரல் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'பிரமாதம்' என்று அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு திரும்பி, ரேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, அடுத்த பொத்தானை எடுத்தார்.

அவள் கத்திக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சு பட்டுப் பட்டு, கண்ணாடி ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது.