பச்சைப் பொத்தான்

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கிளம்பியபின், நானும் நத்தயாவும் சர்வர் அறைக்குள் நுழைந்தோம். பாங்காக்கே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. உள்ளே ஏசிக் குளிரில் பற்கள் கிட்டின.

படகு டிக்கெட் விற்கும் எங்கள் இணையதளத்தைப் புது சர்வர்களுக்கு மாற்றிவிட்டோம். பழையவற்றில் மூலையில் ஒன்றே ஒன்று பாக்கி. எதற்காக ஓடுகிறதென்று யாருக்கும் தெரியாது. அதை நிறுவியவன் தனேத், நத்தயாவின் கணவன். போன மழைக்காலத்தில் வீடு திரும்பும் வழியில் பைக் விபத்தில் போய்விட்டான்.

பாவி, பெண்டாட்டிக்கென்றே தளத்துக்குள் ஒரு பக்கம் வடிவமைத்திருந்தான்; புதியவற்றில் அது இல்லை. அதில் ஒரே ஒரு பச்சைப் பொத்தான். வீடு சேர்ந்ததும் அழுத்துவான். ‘வந்துட்டேன்’ என்று இவள் போனில் செய்தி விழும்.

விபத்தன்று விழவில்லை.

தெரியாத சர்வருக்கு எங்கள் தொழிலில் ஒரே வழிதான். ஒயரைப் பிடுங்கிவிட்டுக் காத்திருப்போம். தேவைப்படுகிறவர் போன் போட்டுக் கத்துவார். அதற்குமுன் ஆவிகளுக்குச் சிவப்பு சோடா படைத்து மன்னிப்புக் கேட்பது இங்கே வழக்கம்.

“சோடா வெச்சுடலாமாம்மா?”

“சும்மா இருங்கண்ணே! வருஷாவருஷம் வெச்சீங்களே, அவரைக் காப்பாத்துச்சா?” என்று வெடித்தாள். “இன்னும் அந்தச் செய்திக்காக முழிச்சுட்டே கிடக்கேன். இதோட தலைமுழுகணும். நான் தூங்கணும்ணே.”

பிடுங்கினாள். அதன் விளக்குகள் அணைந்தன.

சுவரிலிருந்த போன் அடித்தது.

எடுத்தேன். மழை இரைச்சல்.

“நத்தா... ஏன் அணைச்சே?”

தனேத்தின் குரல். அவளுக்கும் கேட்டது.

“இருட்டா இருக்கு. வீட்டுக்கு வழி தெரியல.”

அவள் தரையில் மண்டியிட்டு ஒயரைத் தேடினாள்.

“செருகாதேம்மா! வேணாம், சொன்னா கேளு!”

“அவருக்கு இருட்டுன்னா பயம்ணே,” என்று அழுதாள்.

செருகிவிட்டாள்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சுவர் போன் அடங்கியது. அறையெங்கும் நனைந்த மண் வாசனை.

அவள் கைப்பையில் போன் சிணுங்கியது.

‘வந்துட்டேன்.’

நத்தயாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் வெளிறியது.

“ஐயோ... பாப்பா வீட்ல தனியா இருக்கா.”

வீட்டுக்குப் போன் போட்டாள். உடனே எடுத்தது குழந்தை. ஒரே குதூகலம்.

“அம்மா! அப்பா தெப்பலா நனைஞ்சு வந்திருக்காரு. தாகமா இருக்காம். சிவப்பு சோடா கேக்குறாரு, குடுக்கட்டுமா?”