விலகிப் போன மெட்டு

கதிரையில் இருந்தபடி வாசிக்கிறவனின் பாக்பைப் என்ற தோற்பைக் குழல் எப்படி எழும்பி நடந்து போகும் என்பதுதான் பியற்றிசுக்கு முதலில் விளங்கவில்லை. ஒலிநாடா முடியும் தறுவாயில் ஓசை அடங்கவில்லை. ஒடுக்கமான ஏதோ வழியில் ஒருவன் வாசித்தபடியே தூரம் போவதுபோல, சுவர்களில் மோதி மோதி விலகிப் போனது. அட்டையிலோ 1958, ஒரு வீட்டுச் சமையலறையில் இருந்தபடி வாசித்தது என்று எழுதியிருந்தது.

நாடாவில் ஏதோ பழுதாக்கும் என்று விட்டுவிட்டாள். அதற்கு மேல் யோசிக்கவும் களைப்பாக இருந்தது. காலை நான்கு மணிக்கு எழும்பி, பார்க்கிங் என்ற புறநகரில் ஓர் அலுவலகத்தைத் துடைத்துவிட்டு, பிறகு லண்டன் நடுவில் இந்த இசை நூலகத்தின் நிலவறைக்கு வந்து பழைய பதிவுகளைக் கசெட்டில் ஏற்றுவாள். ஆறு வருடமாக இதே ஓட்டம். 1991 தை மாதம், ஸ்கொட்லாந்திலிருந்து வாத்தியக்காரர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். இந்த மெட்டை முதலில் வாசித்தவர் யார் என்று கண்டுபிடித்துத் தரவேண்டுமாம்.

நூலகத்தில் அந்த மெட்டுக்குப் பதினொரு பதிவுகள் இருந்தன. பியற்றிஸ் புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போனாள். வாசித்தவர் மெட்டை யாரிடம் பழகினார் என்று ஒவ்வோர் அட்டையிலும் குறிப்பு இருந்தது. மகன் தகப்பனிடம், தகப்பன் அயலவனிடம், அயலவன் ஒரு படகோட்டியிடம். முதல் பத்திலும் மெட்டு ஒரே இடத்தில் அறுந்தது, கடைசி அடி இல்லாமல். அறுந்த பிறகும் அந்த ஓசை மட்டும் நடந்து போனது.

ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டால் தலை இடிக்கிறதென்று ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். ஈரச் சுவரின் வாடையும் சூடேறிய இயந்திரத்தின் தூசி மணமும், பாதாள ரயில் போகும்போது தேநீர்க் கோப்பை மேசையில் நடுங்கும் கிலுகிலுப்பும் அவளுக்குப் பழகியவை. நாலரை மணிக்கே மேல் ஜன்னல் கறுத்துவிட்டது.

பதினோராவது, 1908ஆம் ஆண்டு மெழுகு உருளையில் பிடித்தது. அதில் மட்டும் கடைசி அடி இருந்தது. அதில் ஓசை விலகிப் போகவில்லை. கிட்ட வந்தது. வந்து, பாதி மூச்சில் நின்றது. கசெட்டில் சரியாக ஏறவில்லை என்று அவள் இன்னொரு தடவை முழுதாகப் போட்டாள். பிறகுதான் அட்டையில் வாத்தியக்காரர் சொன்னதைப் படித்தாள்.

"யாரிடமும் பழகவில்லை. என் வீட்டுத் தரைக்குக் கீழே கேட்டேன். வாசித்தபடி குகைக்குள் போன ஒருவன் வழி தெரியாமல் இன்னும் நடக்கிறான். மெட்டைக் குறையாக விட்டால் கடந்து போய்விடுவான். முழுதாக வாசித்தால் அந்த இடத்துக்கு வருவான்."

கீழே, பதிவு செய்தவர் பென்சிலால் எழுதியிருந்தார்: "வற்புறுத்தியதால் முழுதாக வாசித்தார்."

பியற்றிஸ் இயந்திரத்தை நிறுத்தினாள். தொலைபேசி அடித்தது. மேலே வாசலில் காவல் இருக்கும் கணேசலிங்கம்.

"பியற்றிஸ் அக்கா, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. இஞ்ச வரைக்கும் கேக்குது."

"நான் நிப்பாட்டிப் போட்டன், தம்பி."

"இப்பவும் கேக்குதே."

அவளுக்கும் கேட்டது. இவ்வளவு நேரமும் ரயில் என்று நினைத்திருந்தாள். ரயில் வந்தால் போய்விடும். இது போகவில்லை.

"தம்பி, எனக்குக் கீழ என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை, மண்தான். ரயில் போறது ரோட்டுக்கு அங்கால. ஏன் அக்கா?"

"ஒருக்கா வாறியோ?"

"ஓம், வாறன்."

ரிசீவரை வைத்தாள். மெட்டு சுவரோரமாக வந்தது. அலுமாரிகளுக்குக் கீழே. மேசைக்குக் கீழே. எழும்பி ஓட வேண்டும். கால்கள் கேட்கவில்லை. விடிகாலையிலிருந்து நின்ற கால்கள். அவற்றைக் கைகளால் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டாள். சிலுவை அடையாளம் போட்டாள். செபத்தின் முதல் வரி வந்தது. இரண்டாவது வரவில்லை.

கடைசி அடி.

பிறகு அமைதி.

கதிரைக்கு முன்னால் தரையில் விரித்திருந்த கம்பளம் எழும்பியது. மெல்ல. காற்று ஊதிய தோற்பைபோல. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. ஈர மண் மணத்தது. படியில் கணேசலிங்கத்தின் காலடி கேட்டது.

கம்பளம் முழங்கால் உயரத்துக்குப் புடைத்து அப்படியே நின்றது. அதன் உள்பக்கத்திலிருந்து விரல்கள் அழுத்தின. ஒவ்வொன்றாக. குழலின் துளைகளைத் தேடுவதுபோல.