கழுவினால் கரையாத சேறு

"டாக்டரம்மா, எம் புருசன் யாரையும் சுடல!" என்று எலும்பு முறிவு வார்டு வாசலிலேயே இருளாயி அழுதாள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம், வரப்புத் தகராறில், அன்று காலை ஆறு மணிக்குப் பங்காளி கருத்தக்கண்ணனைக் காலில் சுட்டதாக அவள் கணவன் நல்லகாமனைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது.

"மூணு நாளாத் திருப்பூர்ல இருந்தவரும்மா. இன்னைக்கு விடியக்காலம்தான் பஸ்ஸ விட்டு எறங்குனாரு."

நர்ஸ் தமிழ்ச்செல்வி நம்பவில்லை. பிடிபட்டவன் மனைவி வேறென்ன சொல்வாள்?

டாக்டர் சாரதாம்பாள் நேரே கட்டிலுக்குப் போனார். பக்கத்தில் ஒரு காவலர் நின்றார். கருத்தக்கண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, புண்ணில் சீழ் கோத்திருந்தது.

"இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் கட்டுப் போட்டீங்களா?"

"இல்லம்மா. வயக்காட்டுல கெடந்தேன். நேரா இங்கதான் வாரேன்."

தமிழ்ச்செல்வி காலைக் கழுவினாள். ரோமத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது; தேய்த்தும் போகவில்லை. "வயல் சேறும்மா."

"சேறுன்னா தண்ணியில கரையணுமே? இது முட்டையும் உளுந்து மாவும். மூங்கில் பத்தை வச்சுக் கட்டுன தடம்கூட இருக்கு பாரு. கட்டு வைத்தியர் வேலை. காலையில பட்ட புண்ணு பத்து மணிக்கே சீழ் வைக்காது. ரெண்டு நாளாச்சு."

"அப்ப சுட்ட அன்னைக்கு நல்லகாமன் திருப்பூர்லதான இருந்திருக்காரு!" தமிழ்ச்செல்வி துள்ளினாள். "பெறகு யாரும்மா சுட்டது?"

"துப்பாக்கி ரவை மேலேருந்து கீழே எறங்கியிருக்கு. ஓட்டையைச் சுத்தித் தோல் கருகியிருக்கு. வரப்புக்கு அந்தப் பக்கம் நின்னு சுட்டா இப்படி ஆகாது. பன்னி வெரட்டுற நாட்டுத் துப்பாக்கி இவரு கையிலயே வெடிச்சிருக்கு. லைசென்ஸ் இல்லன்னு பயந்து வைத்தியர்கிட்டப் போயிருக்காரு. அவரு சாதா முறிவுக்குக் கட்டுற மாதிரி புண்ணையும் சேத்து இறுக்கிட்டாரு."

கருத்தக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"குண்டு பட்ட முறிவை மூடவே கூடாதுய்யா. செத்த சதையை எடுத்துட்டு, புண்ணைத் தெறந்தே விட்டு, வெளியே கம்பி போட்டு எலும்பை நிறுத்தணும். எம்புட்டு நேரமாச்சுன்னு தெரிஞ்சாத்தான் காலைக் காப்பாத்தப் பாக்கலாம். எப்ப வெடிச்சுச்சு?"

"முந்தாநேத்து சாயங்காலம்," என்றான். உடைந்து அழுதான். "ஆஸ்பத்திரிக்கு வந்தா யாரு சுட்டதுன்னு கேப்பாகளேன்னு வரப்புத் தகராறச் சாக்கா வச்சு நல்லகாமன் அண்ணன் பேரச் சொல்லிட்டேன்."

காவலர் அதை எழுதிக்கொண்டு வெளியே போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். தமிழ்ச்செல்விக்கு வெட்கமாக இருந்தது. ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும்; அவனுக்கோ கூட வந்தவர் யாருமில்லை.

"குடு தாயி, நான் போடுறேன்," என்று வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்த இருளாயி உள்ளே வந்து பேனாவை வாங்கினாள். "எம் புருசனுக்குத் தம்பி முறைதான். இவன் கோர்ட்டுக்கு நடந்து வந்து இதையே சொல்லணும்ல?"