ஹாலியாவின் கட்டிலில் பன்னிரண்டு பெட்டிகள்

ஹாலியாவின் அப்பா மிரோனுக்கு இரண்டு விஷயங்களில் மட்டும் யாரும் புத்தி சொல்லக் கூடாது. ஒன்று, பீட்ரூட் சூப்பில் எவ்வளவு பூண்டு போடுவது. இன்னொன்று, வண்டிக்குப் பின்னால் எதையாவது மாட்டி இழுத்துக்கொண்டு போவது.

"பன்னெண்டு வயசுல டிராக்டர்ல தானிய வண்டி இழுத்தவன் நான்" என்று ஆரம்பித்தால் அவர் லேசில் நிறுத்த மாட்டார். கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் அவர் இழுக்காத வண்டி பாக்கியில்லை.

போன கோடையில் ஏரிக்கரையில் பெய்த மழையில், அவர்களுடைய கூடாரம் அம்மாவின் தலைமேல் விழுந்தது. "அடுத்த வருஷமும் கூடாரம்தான்னா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரல" என்று அம்மா அன்றே சொல்லிவிட்டாள். அதனால்தான் பிப்ரவரி மாதக் குளிரில், விலை குறைவாக இருக்கும்போதே, அப்பாவும் பத்து வயது ஹாலியாவும் நகரத்துக்கு வந்து புது ட்ரெய்லரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சக்கரம் வைத்த சின்ன வீடு மாதிரி இருந்தது அது. அடுப்பு, சாப்பாட்டு மேஜை, முன்பக்கம் பெரிய கட்டில், பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் கட்டில்கள்.

"கீழ்க் கட்டில் எனக்கு" என்றாள் ஹாலியா.

"எடுத்துக்கோ கண்ணு" என்றாள் கடைக்காரப் பெண் ஜோலீன். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். ஹாலியா குழாயைத் திருகினாள். ரோஸ் நிறத்தில் ஏதோ வழிந்தது.

"ஐயோ!"

"பயப்படாதே. குழாய் உறைஞ்சு வெடிக்காம இருக்க ஊத்தின மருந்து. பனி போற வரைக்கும் தண்ணி ஊத்தவே கூடாது" என்று சிரித்தாள் ஜோலீன். பிறகு ட்ரெய்லரின் பின்பக்கக் கதவைத் திறந்தாள். "இந்தக் கீழ்க் கட்டிலை மடிச்சா சைக்கிள்கூட ஏத்தலாம். ஆனா கனமான சாமான் எதையும் இங்க வைக்காதீங்க. சக்கரத்துக்கு முன்னாடி வைங்க. இதோட மூக்கு எப்பவும் உங்க வண்டிக் கொக்கியை அழுத்திக்கிட்டே இருக்கணும். சரியா சார்?"

சார் அங்கே இல்லை. பனியில் மல்லாந்து படுத்து, ட்ரெய்லரின் அடியில் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பூட்ஸ் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"சரிங்க அக்கா" என்றாள் ஹாலியா.

வீட்டுக்கு இரண்டரை மணி நேரப் பயணம். வழியில்தான் வாசில் பெரியப்பாவின் பண்ணை. அப்பாவின் பிக்கப் வண்டிக்குப் பின்னால் ட்ரெய்லர் அங்கே சமர்த்தாக வந்து சேர்ந்தது. பெரியப்பா அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தார். ஸ்டெஃபா பெரியம்மா உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டைகளை வெண்ணெயில் பிரட்டி, போதும் போதும் என்றாலும் கேட்காமல் தட்டில் அடுக்கினாள்.

அந்த வீட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு போனதில்லை. போகவும் விட மாட்டார்கள். கிளம்பும்போது பெரியம்மா சொன்னாள்: "அரை மாட்டுக் கறி வெட்டி வெச்சிருக்கோம், மிரோன். எடுத்துட்டுப் போ. வேணாம்னு சொன்னே, அடுத்த தடவை வாசல்லயே நிறுத்திடுவேன்!"

பன்னிரண்டு பெட்டிகள். கல் மாதிரி உறைந்த கறி.

"எங்கேடா வைக்க?" என்று கேட்டார் பெரியப்பா.

"பின்னாடி பெரிய கதவு இருக்கே. அப்படியே தள்ளிடலாம்."

அண்ணனும் தம்பியும் பெட்டிகளைக் கீழ்க் கட்டிலின்மேல் வரிசையாக அடுக்கினார்கள்.

"அப்பா, அந்த அக்கா சொன்னாங்க..."

"உருகிடும்னு பயப்படுறியா?" என்றார் பெரியப்பா. "வெளியில மைனஸ் இருபத்திரண்டு டிகிரி குளிர், பொண்ணே! இப்ப உங்க ட்ரெய்லரே ஒரு ஃப்ரீசர்தான்!" அண்ணனும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹாலியா சொல்ல வந்தது அந்தச் சிரிப்பில் காணாமல் போனது.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் காற்று பக்கவாட்டில் வீசியது. சாலையின் குறுக்கே பனித்தூள் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தொண்ணூறில் ஓட்டினார்.

முதலில் பிக்கப் லேசாக அசைந்தது. பிறகு, யாரோ பின்னாலிருந்து பிடித்து இடமும் வலமும் ஆட்டுவது போல இருந்தது. ஹாலியா திரும்பிப் பார்த்தாள். ட்ரெய்லர் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

அப்பா பதறவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ட்ரெய்லர் பிரேக் பொத்தானை மட்டும் கையால் அழுத்தினார். வேகம் அறுபதுக்கு இறங்கியதும் ஆட்டம் நின்றது.

"காத்து" என்றார் அப்பா.

"அப்பா, கனமெல்லாம் பின்னாடி இருக்கு. அதனாலதான்..."

"ஹாலியா. நான் எத்தனை வருஷமா இழுக்கிறேன்? தானிய வண்டியில முன்னாடி கொட்டினாலும் பின்னாடி கொட்டினாலும் ஒண்ணும் ஆகாது. இது காத்து. பேசாம வா."

ஹாலியா பேசாமல் வந்தாள். ஆனால் யோசிக்காமல் வர முடியவில்லை. பெரியப்பா வீட்டுத் தானிய வண்டிக்கு மேஜைக்குக் கால் இருப்பது போல நான்கு மூலையிலும் சக்கரம். அதில் எங்கே கொட்டினால் என்ன? இந்த ட்ரெய்லருக்குச் சக்கரம் நடுவில் அல்லவா இருக்கிறது? பள்ளிக்கூடத்துச் சீசா பலகை மாதிரி. அதில் ஒரு முனையில் இவள் உட்கார்ந்து, மறுமுனையில் அவள் வகுப்பு நெஸ்டரும் அவன் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்தால், இவள் மேலேயே தொங்க வேண்டியதுதான்.

எதிரே ஒரு பெரிய லாரி கடந்து போனது. அறுபதிலேயே ட்ரெய்லர் மறுபடி ஆடியது. அப்பாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஹாலியாவுக்குப் பயமாக இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளம் முழுக்கப் பனி. மறுபடி சொன்னால் அப்பா கோபப்படுவார். கோபத்தோடு ஓட்டினால் இன்னும் மோசம். சொல்லாமல் இருந்தாலோ, இன்னும் ஒன்றரை மணி நேரம் இப்படியேதான். யார் சரி என்பது அவளுக்கு முக்கியமாகப் படவில்லை. ட்ரெய்லர் ஆடாமல் வந்தால் போதும்.

நல்ல வேளையாக ஒரு பெட்ரோல் நிலையம் வந்தது. அப்பா டீசல் போட்டார். "காபி வாங்கிட்டு வரேன். உனக்கு?"

"சூடா சாக்லேட். அப்பா, ட்ரெய்லர் சாவி குடுங்களேன். என் கட்டிலைப் பார்க்கணும்."

"இந்தக் குளிர்லயா?" என்றாலும் சாவியைக் கொடுத்தார். காபிக் கடைக்குள் அப்பாவுக்குத் தெரிந்த விவசாயிகள் இரண்டு பேர் இருந்தார்கள். விவசாயிகள் மூன்று பேர் சேர்ந்தால் வானிலையைப் பற்றிப் பேசாமல் காபி இறங்காது. குறைந்தது பத்து நிமிடம்.

ஹாலியா ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அதனால் கட்டிலிலிருந்து மெல்லச் சரித்துத் தரையில் இறக்கினாள். பிறகு தானும் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் உதைத்துத் தள்ளினாள். புதுத் தரை, நல்ல வழுக்கல். பெட்டி சமையலறையைத் தாண்டி முன்பக்கப் பெரிய கட்டில் வரை போனது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் செருகினாள். இன்னொன்று. இன்னொன்று. மூக்கிலிருந்து புகை புகையாக வந்தது. ஐந்தாவது பெட்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"என்ன பண்றே?"

"என் கட்டில்ல மாட்டுக்கறி படுத்திருக்கு. எனக்கு இடம் வேணாமா?"

அப்பாவின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பிறகு அவர் பெட்டிகள் போய்ச் சேர்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"நிஜமா, கட்டிலுக்காகவா?"

ஹாலியாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கட்டிலும் வேணும்தான். ஆனா எனக்குப் பயமாவும் இருந்துச்சுப்பா. மறுபடி சொன்னா உங்களுக்குக் கோபம் வரும். கோபமா ஓட்ட வேண்டாம்னு நினைச்சேன்."

அப்பா சாக்லேட்டை அவள் கையில் கொடுத்தார். வெளியே போனார். ஜன்னல் வழியாக ஹாலியா பார்த்தாள். அவர் சக்கரங்களின் அருகில் நின்றார். ட்ரெய்லரின் முனைக்கு நடந்து போனார், பிறகு வாலுக்கு நடந்து வந்தார். மறுபடி சக்கரங்களின் அருகில் வந்து தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"இதோட மூக்கு எப்பவும் கொக்கியை அழுத்திக்கிட்டே இருக்கணுமாம்."

"ம்" என்றார் அப்பா. மீதி ஏழு பெட்டிகளையும் அவரே தூக்கினார். நகராதபடி எல்லாவற்றையும் கட்டிலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்.

மறுபடி நெடுஞ்சாலை. அறுபது. எழுபது. ஹாலியா இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். எண்பது. எதிரே மாடுகளை ஏற்றிய நீளமான லாரி ஒன்று உறுமிக்கொண்டு கடந்தது. பிக்கப் ஒரு முறை குலுங்கியது. பின்னால் ட்ரெய்லர் நேராக, அமைதியாக வந்தது. ஹாலியா இருக்கையை விட்டுவிட்டு, ஆறிப்போன சாக்லேட்டைக் குடித்தாள்.

வழியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கொடி, காற்றில் பலகை மாதிரி விறைத்துப் பறந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. வண்டியின் ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கேட்டது. "எங்க வரீங்க? காத்துல ட்ரெய்லர் பயங்கரமா ஆடுதுன்னு பெட்ரோல் போட்ட இடத்துலேருந்து மெசேஜ் அனுப்பியிருந்தீங்களே! நான் இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். காத்து அடங்கிடுச்சா?"

ஹாலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 'ஆமா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அப்பா அப்படித்தான் முடிப்பார் என்று அவள் நினைத்தாள்.

"இல்ல நாடியா. காத்து அப்படியேதான் அடிக்குது" என்றார் அப்பா. "நான்தான் பெட்டிகளைத் தப்பான இடத்துல வெச்சுட்டேன். ஹாலியா முதல்லயே சொன்னா. நான் காதுல வாங்கல. அப்புறம் அவளே காலால உதைச்சு உதைச்சுச் சரி பண்ணிட்டா."

அம்மா கேட்டாள்: "மிரோன், பேசுறது நீங்கதானா?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஹாலியாவும் சிரித்தாள். 'ஹாலியா முதல்லயே சொன்னா' என்பதை மட்டும், வீடு வந்து சேரும்வரை அவள் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.