எட்டு மணி மினி பஸ்

செவ்வாய்க்கிழமை காலையில் ஜூலிக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது.

மினி பஸ்ஸில் மொத்தமே ஐந்து பேர். அதுவும் தினமும் வருகிற அதே ஐந்து பேர், அவளையும் சேர்த்து.

முந்தின நாள்தான் இலவசப் பயண நாள். "திங்கட்கிழமை டிக்கெட் கிடையாது. ஏறிப் பாருங்கள்!" என்று பஸ் முதலாளி நோட்டீஸ் ஒட்டியிருந்தார். ரெட்டியார்பாளையத்தில் ஜூலியின் தெருப்பக்கம் வருகிற ஒரே பஸ் அது. ஆள் சேராவிட்டால் மாதக் கடைசியோடு நிறுத்திவிடுவார்களாம்.

"பஸ் நின்னுட்டா உன்னை இங்கயே பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். அவர் காலை ஆறு மணிக்கே கம்பெனி வேலைக்குப் போகிறவர். ஜூலிக்கோ தன் பள்ளிக்கூடத்தையும் தோழி அஞ்சலியையும் விட்டுவிட்டு வர மனமே இல்லை.

நேற்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். எதிர்வீட்டு ஹரிகிருஷ்ணன் மாமா மூன்று தடவை போய்வந்தார். ஜூலியின் சன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "காத்து நல்லா வருது" என்றார். பஸ் பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவள் நின்றுகொண்டே போனாள்.

இன்று அதே மாமா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜூலி தெருமுனையில் நின்ற பஸ்ஸை விட்டுத் தடதடவென்று இறங்கி, நேராக அவரிடம் போனாள்.

"மாமா, நேத்து மூணு வாட்டி ஏறினீங்களே. இன்னிக்கு ஏன் வரல?"

"ஒம்போதுக்குள்ள ஆபீஸ் போவணும் பாப்பா."

"பஸ்ஸும் அந்தப் பக்கந்தான் போவுது."

"போவுது. எப்பப் போவும்? அதைச் சொல்லு."

ஜூலி பஸ் பக்கம் திரும்பினாள்.

மணி எட்டு பத்து. எட்டு மணி பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. கண்டக்டர் கொளஞ்சி டீக்கடை வாசலிலிருந்து "பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு" என்று கூவிக்கொண்டிருந்தார். சீட்டு நிறையாமல் அவர் விசில் ஊத மாட்டார். அது அவர் வழக்கம். தாமதமாகப் போய் டீச்சரிடம் திட்டு வாங்குவது ஜூலிக்கும் வழக்கமாகிவிட்டது.

இப்போது அவள் கோபம் ஆள் மாறியது.

"அண்ணே, எட்டு மணி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

"ஆள் ரொம்பினதும் கிளம்பும்."

"எப்ப ரொம்பும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஆள் வரணுமில்ல."

"நீங்க நேரத்துக்குக் கிளம்பாததால ஆள் வரல. ஆள் வரலன்னு நீங்க கிளம்பல. பஸ் நின்னா எனக்குப் பள்ளிக்கூடம் போயிடும். உங்களுக்கு வேலை போயிடும்."

கொளஞ்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "காலி பஸ்ஸை ஓட்டினா முதலாளி என்னைத்தான் திட்டுவாரு."

"பத்து நாள் மட்டும் ஓட்டிப் பாருங்கண்ணே. எட்டுன்னா எட்டு. யாருக்காகவும் நிக்கக் கூடாது."

"யாருக்காகவும்?"

"யாருக்காகவும்."

கொளஞ்சி தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி, பார்ப்போம்" என்றார்.

அன்று மாலையே ஜூலி ஓர் அட்டையில் பெரிதாக எழுதி டீக்கடையில் மாட்டினாள். 'பஸ் 8.00 மணிக்கு. 8.01க்கு இருக்காது.'

புதன்கிழமை எட்டு மணிக்குப் பஸ் ஐந்து பேரோடு கிளம்பியது. வியாழக்கிழமையும் ஐந்து பேர்தான். ஹரிகிருஷ்ணன் மாமா இரண்டு நாளும் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பையோடு வந்து ஏறினார். அடுத்த வாரம் பின்தெரு நர்ஸம்மா வந்தார், அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். மாதக் கடைசியும் வந்தது. பஸ்ஸை நிறுத்துகிற பேச்சை முதலாளி எடுக்கவே இல்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஜூலியின் ஒரு ஷூவைக் காணோம். கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்து மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். அதற்குள் விசில் சத்தம் கேட்டது. பஸ் நகர்ந்தது.

"அண்ணே, நில்லுங்கண்ணே!"

கொளஞ்சி கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "மணி எட்டு, பாப்பா. யாருக்காகவும் நிக்கக் கூடாது."

அவளுடைய சன்னல் சீட்டிலிருந்து ஹரிகிருஷ்ணன் மாமா கை ஆட்டினார்.

ஜூலிக்கு மறுபடியும் மூக்குக்கு மேலே கோபம் வந்தது. ஆனாலும் பஸ் திரும்பி மறையும்வரை விடாமல் எண்ணினாள். நின்றுகொண்டு போகிறவர்கள் மட்டுமே ஏழு பேர்.