நெற்றியில் ஒரு சிலுவை பாக்கி

மின்சாரத்தைத் துண்டித்து, கதவுக்குக் குறுக்கே மரச்சட்டம் அடித்து, மூன்று மாதமாக யாருமே தொடாத அந்தச் சர்வீஸ் லிஃப்டின் தலைமேல் ஏழு என்ற எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

தெரசா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்த எழில்மதி அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள்.

"அதெல்லாம் பாக்காதீங்க ஆன்ட்டி. சாயங்காலமானா தானா எரியுது. எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு, ஒயரே இல்ல, எப்டி எரியும்ன்றாரு. அப்பறம் அவரும் இந்தப் பக்கம் வர்றதே இல்ல."

கள்ளக்குறிச்சியில் ஹோட்டல் நீலமுடியைத் தெரியாதவர்கள் கிடையாது. கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களுக்கு ஊருக்கு முன்னால் அதன் உச்சி விளக்குதான் கண்ணில் படும். புதுமாப்பிள்ளையும் பெண்ணும் அதன் நீரூற்றுக்கு முன்னால் நின்று படம் எடுக்காவிட்டால் கல்யாணமே முடிந்ததாக ஆகாது. அது வந்த பிறகு பஸ் நிறுத்தத்தின் பழைய பெயர்கூட எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. கண்டக்டர் "நீலமுடியெல்லாம் எறங்கு, நீலமுடி" என்றுதான் கூவுகிறார். பெற்ற மகள் செத்த இடத்தை ஊரே ஒரு ஸ்டாப்பாகக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரசாவைத்தான் கேட்க வேண்டும். அந்த இடம் நெருங்கும்போது அவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

லிடியா இங்கே ஹவுஸ்கீப்பிங்கில் ராத்திரி டியூட்டி பார்த்தாள். நைனார்பாளையத்து வீட்டிலிருந்து தினமும் பொழுது சாயக் கிளம்புவாள். வாசற்படியில் நின்று, கல்யாண வயசு வந்த பிறகும் சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டுவாள். தெரசா கட்டைவிரலால் அதில் சிலுவை போட்டு, "பத்திரமா போய்ட்டு வா" என்பாள். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் திரும்பி வருவாள்.

அழுக்குத் துணி வண்டியை லிஃப்டில் ஏற்றுவதற்கு ஒரே வழிதான் உண்டு. வாசலில் இரும்பு விளிம்பு தூக்கிக்கொண்டிருந்ததால் தள்ளினால் சக்கரம் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஆள் முதலில் பின்பக்கமாக நுழைந்து, வண்டியைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். ஆகஸ்டில் ஒருநாள் ஏழாவது மாடியில் கதவு மட்டும் திறந்தது, லிஃப்ட் வரவில்லை. லிடியா வழக்கம்போலப் பின்னால் கால் வைத்தாள். பின்னாலேயே வண்டியும் அவள்மேல் விழுந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது தலை முழுக்க வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியை மூடுமுன் பெற்றவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது வழக்கம். தெரசா கட்டைவிரலை நீட்டிக்கொண்டு குனிந்தாள். அந்தத் துணிச் சுருளில் எது நெற்றி என்று அவளுக்குத் தெரியவில்லை. நீட்டிய விரல் நீட்டியபடியே இருக்க, பெட்டியை மூடிவிட்டார்கள்.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியோடு வந்த, லிடியாவோடு ஒன்றாக வேலை பார்த்த எழில்மதிதான் அழுதுகொண்டே சொன்னாள். "அவ இன்னும் டியூட்டி பாத்துக்கினு இருக்கா ஆன்ட்டி. அவ வண்டி சக்கரம் கத்துமே, அது ஏழாவது மாடில கேக்குது."

அந்த ஒரு சிலுவை பாக்கியிருப்பதால்தான் பிள்ளை போக முடியாமல் நிற்கிறது என்று தெரசா முடிவுகட்டினாள். கணவர் இன்னாசி தடுக்கவில்லை. கூடவே வந்தார், ஆனால் ஹோட்டல் கேட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை.

"நீ போய்க் குடுக்க வேண்டியத குடுத்துட்டு வா. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. வாயத் தொறக்காத. சாவு வூட்டுல யாராச்சும் சொல்லிக்கினு கெளம்புவாங்களா? சிலுவ போடு, பேசாம திரும்பிடு. அப்பதான் அது நிம்மதியா போவும்."

இப்போது அவள் ஏழாவது மாடியின் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். விருந்தாளிகள் நடக்கும் பக்கத்தில் பளிங்கும் வாசனைத் திரவியமும் இருந்தன. இந்தப் பக்கம் ஈரத் துண்டும் ப்ளீச்சிங் பவுடரும் நாறின. கீழே ஏதோ வரவேற்புக்கு வாசிக்கும் நாதஸ்வரம் சுவருக்குள் எங்கோ முனகியது, வெளியே ஐப்பசி மழை கண்ணாடியில் இழுத்து இழுத்து வழிந்தது, வரிசையாக நின்ற அறைக்கதவுகளின் நிழல் தரைவிரிப்பில் நீண்டு அவள் காலைத் தொட்டது. யாரோ எழில்மதியைக் கூப்பிட்டார்கள். "தோ வந்துர்றேன் ஆன்ட்டி" என்று அவள் போனாள்.

கீச்.

எண்ணெய் விட்டாலும் அடங்காத சக்கரம். லிடியா வீட்டில் அதைப்போலவே கத்திக் காட்டிச் சிரிக்க வைப்பாள்.

கீச். கீச்.

கோடியில் நீல யூனிஃபார்ம் தெரிந்தது. முதுகு. பின்னிய ஜடை. வண்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தது. தெரசா இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. முதுகு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

விளக்கு அணைந்தது. சிவப்பு ஏழு மட்டும் எரிந்தது.

துணி உரசும் சத்தம். ஏதோ ஒன்று அவளுக்கு முன்னால் குனிந்தது.

தெரசா விரலை நீட்டினாள். ஈரத் துணி. மடிப்பு. இன்னொரு மடிப்பு. தடவித் தடவி மேலே போனாள். துணி தானாக விலகியது. குளிர்ந்த தோல். இடது புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு. அவள் பிள்ளைதான். அவள் பெற்ற பிள்ளையேதான். கட்டைவிரலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

எதிரே நீளமாக ஒரு மூச்சு வந்தது. அழுது முடித்த குழந்தை தூங்கப் போகும்போது விடுகிற மூச்சு. விரலுக்கடியில் இருந்த குளிர் கரைந்தது. போகிறாள். நல்லபடியாகப் போகிறாள்.

தெரசாவின் வாய் திறந்தது. இத்தனை வருஷப் பழக்கம். சிலுவைக்குப் பின்னால் அந்தச் சொல் தானாக வந்தது.

"பத்திரமா போய்ட்டு வா."

மூச்சு நின்றது. விரலுக்கடியில் மறுபடியும் குளிர்ந்தது.

துணிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "வரேம்மா."

மரச்சட்டம் முறிந்தது. கீச். பின்னால் ஒரு காலடி. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழே, ரொம்பக் கீழே, விழுந்து மோதும் சத்தம்.

வெளிச்சம் வந்தபோது மரச்சட்டம் அடித்தபடியே இருந்தது. எழில்மதிதான் அவளைத் தாங்கிப்பிடித்துக் கீழே கொண்டுவந்து விட்டாள். பஸ்ஸில் இன்னாசி, "எதுவும் பேசலையே?" என்று கேட்டார். தெரசா இல்லை என்று தலையாட்டினாள்.

விடியற்காலை முதல் பஸ் போன சத்தம் கேட்டது. பால் வாங்கச் சொம்போடு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பனிமூட்டத்தில் தெருவோடு ஒரு முதுகு பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தது. வாசற்படி ஏறியது. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது.

"மறுபடியும் விழுந்துட்டேம்மா" என்றது.

அன்று பகல் முழுக்கத் தெரசா அந்த முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரில் வைத்த சோறு ஆறிக் காய்ந்தது. வலிக்குதா என்று கேட்டாள். ஜடை மெல்ல அசைந்தது. இன்னாசி மூலையில் முழங்காலில் நின்று செபம் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போனார்.

பொழுது சாய்ந்தது. லிடியா எழுந்து வாசற்படிக்கு வந்தாள். அம்மாவின் பக்கம் திரும்பினாள். துணி முழுக்கச் சிவந்து ஊறியிருந்தது. தலையைக் குனிந்தாள்.

"இன்னிக்கும் போவணுமாம்மா?"

"தெரசா, வாணாம்" என்றார் இன்னாசி. "சிலுவ போட்டுட்டு வாய மூடிக்க. கொழந்தைய வுட்டுரு. உன் கால்ல வேணா வுழறேன்."

தெரசாவுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டால் போதும். இனிமேல் அவள் விழ மாட்டாள். இனிமேல் அவள் வரவும் மாட்டாள்.

உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை வைத்தாள். நேற்று நெற்றி இருந்த இடத்தில் இன்று விரல் உள்ளே போனது. மேலிருந்து கீழாக. குறுக்கே. கடித்த உதட்டில் ரத்தம் வந்தது.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

"பத்திரமா போய்ட்டு வாம்மா" என்றாள் தெரசா.

லிடியா அழுதுகொண்டே பின்பக்கமாகக் கால் வைத்து வாசற்படியைத் தாண்டினாள். துணி சுற்றிய அந்த முகம் தெருமுனை வரைக்கும் அம்மாவையே பார்த்துக்கொண்டு போனது.