பன்னிரண்டு வோல்ட் பின்

"ஏன் ஐடா, உன் தம்பி ஒரு லெட்டர்கூடப் போடலியா?"

குழாயடியில் ஒருநாள் ஜெயம்மா இப்படிக் கேட்டபோது பதில் சொன்னது ஐடா அல்ல. பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவள் புருஷன் மாணிக்கராஜ். "பெங்களூர்ல செட்டிலாயிட்டான்க்கா. இனிமே அக்கா எதுக்கு, மாமா எதுக்கு?" என்று சிரித்தான். ஐடாவும் சிரித்து வைத்தாள். அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த ஷெர்வின், ஜூன் மாதம் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் ஷிப்டுக்குப் போனவன், அப்படியே பெங்களூர் பஸ் ஏறிவிட்டான் என்று மாணிக்கராஜ்தான் வந்து சொல்லியிருந்தான். அவன் சொல்லி அவள் நம்பாதது எதுவுமில்லை.

அக்டோபரில் அவன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். மூடிய தங்கச் சுரங்கத்தின் பழைய சாமான் ஏலத்தில் எடுத்ததாம். காவல் கேமரா பார்ப்பதைப் பதிவு செய்கிற ரெக்கார்டர். உள்ளே ஒரு கேசட் சிக்கிக்கொண்டிருந்தது. அடாப்டர் இருந்தது, வயரின் முனையில் பெட்டிக்குள் செருகுகிற பின் மட்டும் இல்லை. "இதுக்குப் பின்னு எங்கியும் கெடைக்காது, உடு" என்று பீரோமேல் ஏற்றிவிட்டான். தூக்கிப்போட இரண்டு முறை சாக்கில் கட்டி எடுத்துப்போனான். இரண்டு முறையும் வியர்த்த முகத்தோடு திரும்பக் கொண்டுவந்தான்.

வீட்டுக் கோழிகள் திருடு போய்க்கொண்டிருந்தன. வாசலில் ஒரு கேமரா மாட்டி அவனை அசத்திவிட வேண்டும் என்று ஐடாவுக்கு ஆசை. பெட்டியின் பின்புறத் துளையில் ஈரச் சோப்பை அழுத்தி அச்செடுத்தாள். அதையும் அடாப்டரையும் பையில் போட்டுக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை நாகேஷின் ரேடியோ கடைக்குப் போனாள்.

நாகேஷ் வயரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, எலி கடிச்சிச்சுன்னு நெனச்சீங்களா? இது கட்டிங் பிளையர் கடிச்சது. செம்பு இன்னும் கறுக்கவேயில்ல பாருங்க."

"ஏலத்துல எடுத்ததுண்ணா."

"அப்போ ஏலத்துக்கு அப்பறம்தான் யாரோ வெட்டியிருக்காங்க."

டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு பின்னாகச் சோப்பு அச்சோடு ஒப்பிட்டார். ஒன்று தடிமன், ஒன்று தொளதொள. ஏழாவது பொருந்தியது. "பன்னெண்டு வோல்ட்டு. இதுக்கு நடுவுல மைனஸ்ஸு. மாத்திக் குடுத்தா பெட்டி பொகைஞ்சிடும்" என்று சொல்லி ஈயம் வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. மழை பிடித்திருந்தது, தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்துக்கு அடியில், நிலத்துக்குள்ளே யாரோ பலகையை உள்ளங்கையால் தட்டுவதுபோல் வேறொரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் ஈர மண்வாடை ஜன்னல் வழியாக வந்து கொடியில் கிடந்த துணியிலெல்லாம் ஏறியது. கீழே பாறை இறங்குகிறது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு ஐடா பெட்டியை டி.வி.யோடு இணைத்துப் பின்னைச் செருகினாள்.

கேசட் தானாகச் சுற்றத் தொடங்கியது.

டி.வி.யில், சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டின் வாசல் அறை. மூலையில் தேதி, ஜூன் பதினான்கு. சுவரில் டோக்கன் பலகை. சுரங்கம் மூடிய பிறகும் அந்த ஜூன் வரை தண்ணீர் இறைக்கச் சிலர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஷெர்வின் அவர்களில் ஒருவன். மாணிக்கராஜ் அங்கே வாட்ச்மேன். இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். டோக்கன் தொங்கினால் ஆள் கீழே. பிறத்தியான் டோக்கனை யாரும் தொடுவதில்லை.

மாணிக்கராஜ் செம்புக் கேபிள் சுருள் ஒன்றை வாசலுக்கு இழுத்தான். ஷெர்வின் வந்து மறித்தான். கையை ஆட்டி ஏதோ கத்தினான், புகார் சொல்லிவிடுவேன் என்பதுபோல் மேஜைமேல் இருந்த போனைக் காட்டினான். சத்தமில்லாத படம். கீழேயே திரும்ப வைத்துவிடலாம் என்பதுபோல் கை காட்டி மாணிக்கராஜ் தலையாட்டினான். சிரித்தான். மச்சான் தோளில் கை போட்டான். இருவரும் டோக்கனை மாட்டினார்கள். அறுநூற்று ஐம்பத்திரண்டு, தம்பி. நானூற்றுப் பதினேழு, புருஷன். சுருளைத் தூக்கிக்கொண்டு, ஆட்களை இறக்கும் கூண்டுக்குள் போனார்கள்.

படம் தாவியது.

மாணிக்கராஜ் மட்டும் வந்தான். இருபது வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்குப் போய்த் தன் டோக்கனை எடுத்தது. மற்றதை நோக்கி நீண்டது. திரும்பிவிட்டது.

அந்த ஜூன் பதினான்கு ராத்திரி வீட்டில் மீன்குழம்பு வைத்தது ஐடாவுக்கு நினைவு வந்தது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"இன்னா போட்டு வெச்சிருக்க?"

வாசலில் மாணிக்கராஜ். ஐடா திரும்பவில்லை.

"என் தம்பி எங்கங்க?"

அவன் பாய்ந்து பின்னைப் பிடுங்கினான். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. கேசட் நிற்கவில்லை. பின் அவன் கையில் இருந்தது. படம் ஓடியது.

மூலையில் தேதி. ஜூலை. ஆகஸ்ட். செப்டம்பர். அதே பலகை. அதே ஒரு டோக்கன்.

இன்றைய தேதி. மூன்று நாற்பது.

கூண்டுப் பக்கமிருந்து ஒரு கை. ஊறி வெளுத்த கை. தோல் பாதி உரிந்த விரல்கள் ஆணியைத் தடவின. அறுநூற்று ஐம்பத்திரண்டை எடுத்துக்கொண்டன. அதே ஆணியில் வேறொன்றை மாட்டின.

நானூற்றுப் பதினேழு.

மாணிக்கராஜின் கை, டோக்கன் எப்போதும் கிடக்கிற தன் சட்டைப் பைக்குப் போனது. துழாவியது. வெறுமையாக வெளியே வந்தது.

நிலத்துக்குள் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. திரையில் டோக்கன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவன் பின்னை மேஜைமேல் வைத்தான். செருப்பு போடவில்லை. குடை எடுக்கவில்லை. ஐடாவின் முகத்தைப் பார்க்காமல் மழையில் இறங்கி ஷாஃப்ட் பக்கம் நடந்தான்.